குதிரையில் வந்தது யார்?

ஆனிச் சாரல் பிடித்துக்கொண்டால் மேலகரத்தில் வெளிவேலை ஒன்றும் ஓடாது. மாடிக் கொடியில் போட்ட துணியை மூன்றாம் தடவையாக அள்ளிக்கொண்டு வந்த சித்தி, ஈரக் கையோடு அப்படியே டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். சித்தப்பா வீட்டு நடுக்கூடத்தில் 'மர்மதேசம்' ஓடிக்கொண்டிருந்தது. அதில் 'விடாது கருப்பு' கதை. அன்றைக்கு முடிச்சு அவிழும் பகுதி. யூடியூபில் மொத்தமும் கிடக்கிறது, வரிசையாகப் பார்த்துத் தள்ளலாம். ஆனால் ஆச்சி ஒப்பவில்லை. ஒரு நாளைக்கு ஒரு எபிசோடுதான். "வாரம் ஒண்ணு பாத்த கதைலா இது. நாளுக்கு ஒண்ணே சாஸ்தி" என்று சொல்லிவிட்டார்.

எபிசோடு முடிந்து பாட்டு வருவதற்குள் சண்டை தொடங்கிவிட்டது.

"சாமிதாம்ல வந்திருக்கும். கடைசில இவங்க மாத்திட்டாங்க" என்றார் சித்தப்பா.

"மாத்தலப்பா. மொதல்ல இருந்தே சொல்லிட்டு வந்திருக்காங்க. நீங்க கவனிக்கல" என்றாள் அவர் மகள். நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கிறாள். இந்தக் கதை அவள் பிறப்பதற்கு முன்னால் வந்தது.

புதிதாகப் பார்க்கப் போகிறவர்களுக்காக, குதிரையில் வந்தது இன்னார் என்று இங்கே நான் எழுதப் போவதில்லை. தெரியவேண்டியது இவ்வளவுதான். தோட்டக்காரமங்கலம் என்றொரு கிராமம். அதைக் காக்கும் கருப்புசாமி. தப்புச் செய்தவர்களை இருட்டில் குதிரையேறி வந்து தண்டிக்கும் ஓர் உருவம். ஊர் அதைச் சாமி என்கிறது. விசாரிக்க வந்தவர்கள் மனிதன் என்கிறார்கள். மனித மனம் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி செய்வது மறுபாதிக்குத் தெரியாமலே போகும் நோயில் போய் முடிகிறது கதை.

எழுதியவர் இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கியவர் நாகா. 1995-ல் 'ரகசியம்' என்ற கதையோடு தொடங்கிய 'மர்மதேசம்' வரிசையில் இது இரண்டாவது. சேத்தனையும் தேவதர்ஷினியையும் வீட்டுக்கு வீடு தெரிய வைத்தது இதுதான். பிற்பாடு இருவரும் நிஜத்திலும் தம்பதி ஆனார்கள். பேச்சிக் கிழவியாக வந்த சி.கே. சரஸ்வதியை, 'தில்லானா மோகனாம்பாள்' வடிவாம்பாளாகவே அதுவரை நினைவு வைத்திருந்தவர் ஆச்சி. "அந்தக் கண்ணுலே நின்னுட்டா பேச்சி" என்று இன்றும் சொல்கிறார்.

அப்போதெல்லாம் கேபிள் இழுத்த வீடு தெருவுக்கு இரண்டோ மூன்றோதான். இந்தத் தொடரை ஒளிபரப்பிய சன் டிவி வந்ததே 1993 ஏப்ரலில். கேபிள் வீட்டுத் திண்ணைவரை ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த பகுதிக்கு ஏழு நாள். அந்த ஏழு நாளும் டீக்கடையிலும் குளத்துப் படித்துறையிலும் ஆளுக்கொரு கொலையாளியைப் பிடித்துக் கொடுத்தார்கள். நடுவில் கரண்டு போய்விட்டால், பார்க்க முடிந்தவர் யாரென்று தேடித் தென்காசிவரை சைக்கிள் மிதித்தவர் என் சித்தப்பா. விட்ட காட்சியை அவர் வந்து சொல்லும்போது பாதி அவர் சொந்தக் கற்பனை என்று சித்தி இன்றைக்கும் குறை சொல்வதுண்டு.

வாதம் செய்வது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. ரசிகமணி டி.கே.சி. கம்பன் பாட்டு ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு மாலைப்பொழுதையே அதில் கழித்தவர். திருநெல்வேலியில் அவர் வீட்டு வட்டத்தொட்டியில் நடந்ததும், பிறகு குற்றாலத்தில் நண்பர்களோடு நடந்ததும் அதுதான். அதற்கும் வெகுகாலம் முன்னால், இதே மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில் ஒரு விசாரணையையே எழுதி வைத்திருக்கிறார். காணாமல் போன குறத்தி சிங்கி நகையும் பட்டுமாகத் திரும்பி வருகிறாள். அவள் கணவன் சிங்கனுக்குச் சந்தேகம். காலில் கிடப்பது என்ன, கையில் கிடப்பது என்ன, யார் கொடுத்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறான். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருக்கிறாள். துப்பறியும் கதையில் இதைவிட நல்ல குறுக்கு விசாரணையை நான் படித்ததில்லை.

சித்தப்பா மகள் வைத்த வாதம் பலமானது. கதை இரண்டு காலத்தில் ஓடுகிறது: ஒரு தலைமுறைக்கு முந்தைய பிள்ளைப்பருவம் ஒன்று, இன்றைய கொலைகள் ஒன்று. முன்னதில் ஒரு சிறுவனுக்கு என்ன நடக்கிறது என்று காட்டிக்கொண்டே வருகிறார்கள். அதை வெறும் பழங்கதை என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். "கேஸ் ஷீட்டே அங்கதாம்ப்பா இருக்கு. நீங்க குதிரையவே பாத்துட்டு இருந்தீங்க" என்றாள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. துப்பை ஒளித்து வைக்காமல் கண்ணெதிரே வைத்து, பார்வையை மட்டும் வேறு பக்கம் திருப்பிவிடுவது பெரிய வித்தை. நாகாவும் இந்திரா சௌந்தர்ராஜனும் அதை வாரா வாரம் செய்தார்கள். தமிழ்த் தொலைக்காட்சியில் இப்படிப் பார்வையாளரை நம்பி எழுதப்பட்ட தொடர்கள் குறைவு.

சித்தி வேறொரு இடத்தைப் பிடித்தார். "சாமி தண்டிச்சிட்டுன்னு ஊரே சொல்லும்போது, போலீஸ் எதுக்கு வரப்போவுது?" என்றார். கதையின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. பயம் பிடித்த ஊர், கொலைகாரனுக்குத் தானாகவே மறைவு கட்டிக் கொடுக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. எல்லாரும் நம்பியதையே சொல்கிறார்கள். அதனால்தான் விசாரணை நகர மாட்டேன் என்கிறது.

இதே முடிச்சை இங்கிலாந்தில் ஆர்தர் கானன் டாயில் போட்டிருக்கிறார். பாஸ்கர்வில் குடும்பத்தைத் துரத்தும் பேய் நாயின் கதை 1902-ல் புத்தகமாக வந்தது. ஜெரமி பிரெட் ஷெர்லாக் ஹோம்ஸாக நடிக்க 1988-ல் டிவிக்கும் வந்தது. அங்கே கடைசியில் நாயின் வாயில் பாஸ்பரஸ் தடவியிருந்தது தெரிந்ததும் பேய் போய்விடுகிறது. கதை அத்தோடு தீர்ந்தது. தோட்டக்காரமங்கலத்தில் ஆள் யாரென்று தெரிந்த பிறகும் கருப்பு கோயிலைவிட்டுப் போகவில்லை. முப்பது வருடமாக இந்த முடிவைப் பற்றி ஆட்கள் சண்டை போடுவதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அதிலும் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு. செங்கோட்டையைத் தாண்டி மலையேறினால் அச்சன்கோவில். சாஸ்தாவோடு கருப்பனும் அங்கே பெரிய தெய்வம். வயல்வெளிக்கு வந்தால் சுடலைமாடன். கோயில் கொடை அன்றைக்கு நடுச்சாமத்தில் மாடன் வேட்டைக்குப் புறப்படுவதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சல்லடமும் கச்சையும் கட்டி, நெற்றி நிறைய மஞ்சணை, ஒரு கையில் வல்லயம், மறு கையில் எரிகிற பந்தம். நையாண்டி மேளம் உச்சத்துக்குப் போனதும் ஆள் இருட்டுக்குள் ஓடினார். ஓடுகிற வழியில் ஒரு நாய்கூட நிற்கவில்லை. எண்ணெயும் கரியும் கலந்த வாடை மட்டும் காற்றில் நின்றது. அன்று காலையில் அதே ஆளிடம்தான் அரைக்கிலோ கத்தரிக்காய் வாங்கியிருந்தோம்.

இந்தக் கொடையைத்தான் ஆச்சியும் எடுத்தார். அதுவரை வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டு பேசாமல் இருந்தவர்.

"ஆளா சாமியான்னு என்னத்துக்குல மல்லுக்கட்டுதீங்க? கொடைல ஆடுதது யாருன்னு ஊருக்கே தெரியும். தெரிஞ்சுதானே கும்பிடுதோம்."

சித்தப்பா முகம் மலர்ந்துவிட்டது. "அதத்தாம்மா நானும் சொல்லுதேன்."

"நீ சொல்லுதது வேற" என்றார் ஆச்சி. "மாடன் வேட்டைக்குப் போனாலும் திரும்பி வந்து பிள்ளைகளுக்குத் திருநீறு பூசுவாம்லா. இந்தக் குதிரக்காரன் யாருக்குப் பூசினான்? ஒருத்தருக்கும் பூசல. அப்பம் அது சாமி இல்ல. பாவம், சின்னதுலயே நொந்துபோன பிள்ள."

சித்தப்பா மகள் ஒன்றும் சொல்லாமல் ஆச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பாடப்புத்தகத்தில் இருக்கும் நோயின் பெயரை ஆச்சி சொல்லவில்லை. ஆனால் நோயாளியைக் கண்டுகொண்டார்.

2024 நவம்பர் 10-ம் தேதி மதுரையில் இந்திரா சௌந்தர்ராஜன் இறந்தார். 'ரகசிய'த்தில் நடித்த டெல்லி கணேஷ், நம் வல்லநாட்டுக்காரர், அதற்கு முந்தின நாள்தான் போயிருந்தார். அந்த வாரமும் இந்த வீட்டில் இதே பேச்சுதான் நடந்ததாம். அதில் ஆச்சி சேர்ந்துகொள்ளவில்லை; திரும்ப ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்று இருந்துவிட்டார்.

மழை கொஞ்சம் வாங்கியிருந்தது. சித்தப்பா எழுந்து ரிமோட்டைத் தேடினார்.

"அந்தச் சின்னப்பய வார இடத்தயெல்லாம் நான் சரியாப் பாக்கல. மொத எபிசோட்ல இருந்து போடு" என்றார் மகளிடம்.

"நாளைக்கு" என்றார் ஆச்சி.