வெட்டப்பட்ட விளிம்பு

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்ஆப்பில் ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தார். சாம்பல் நிற நீர்ப்பரப்பில் கறுத்து வளைந்த ஏதோ ஒன்று. 'இது என்ன உயிரினம், ஐயா?' என்று கேட்டிருந்தார். பொருளியல் பேராசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வியன்று அது. ஆயினும் எனக்கு 1934-ஆம் ஆண்டின் படம் ஒன்று நினைவுக்கு வந்தது.

ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் நீண்ட கழுத்தும் சிறு தலையுமாக ஓர் உருவம் எழுந்து நிற்கும் அந்தப் படம், ஏப்ரல் 21 அன்று 'டெய்லி மெயில்' நாளிதழில் வெளியானது. கொடுத்தவர் லண்டன் மருத்துவர் ராபர்ட் கென்னத் வில்சன். மருத்துவர் பொய் சொல்வாரா என்பதே பலருக்குப் போதுமான சான்றாக இருந்தது. கடனுக்கு ஈடு வைப்பதுபோல, அவரது நன்மதிப்பு படத்துக்கு ஈடாயிற்று.

உண்மையில் பின்னணியில் இருந்தவர் மார்மடூக் வெதரெல். முந்தைய ஆண்டின் இறுதியில் அதே நாளிதழின் சார்பில் அந்த விலங்கைத் தேடச் சென்றவர். அவர் கண்ட காலடித் தடங்கள், பதப்படுத்திய நீர்யானைக் காலால் பதிக்கப்பட்டவை என அருங்காட்சியக வல்லுநர்கள் கூற, ஊரே நகைத்தது. அந்த அவமானத்துக்குப் பழிதீர்க்கவே, பொம்மை நீர்மூழ்கியின் மீது கழுத்தும் தலையும் செய்து பொருத்தும்படி தம் மனைவியின் மகன் கிறிஸ்டியன் ஸ்பர்லிங்கிடம் கூறினார். ஸ்பர்லிங் முதுமையில் ஒப்புக்கொண்ட இச்செய்தி 1994-இல்தான் பரவலாக அறியப்பட்டது.

இதில் என்னை ஈர்ப்பது ஏமாற்றியவர்களின் திறமையன்று, படத்தின் விளிம்பு. நாளிதழில் வந்தது வெட்டிச் சுருக்கிய படம். முழுப் படத்தில் அகன்ற நீர்ப்பரப்பும் எதிர்க்கரையும் தெரிகின்றன. அவற்றின் நடுவே அந்த 'விலங்கு' மிகச் சிறியது. சுற்றியுள்ள சிற்றலைகளே அதன் அளவைக் காட்டிக்கொடுக்கின்றன. அடிப்படை ஆண்டைச் சொல்லாமல் 'உற்பத்தி இருமடங்கு' என்று அறிவிக்கும் புள்ளிவிவரமும் இத்தகையதே. வகுப்பறையில் இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வறண்டது.

2018-இல் நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழக அறிஞர் நீல் கெம்மலின் குழுவினர், ஏரி நீரில் கலந்திருந்த மரபணுத் துணுக்குகளைச் சேகரித்தனர். ஊர்வனவற்றின் தடயம் கிடைக்கவில்லை. விலாங்கு மீனின் மரபணு ஏராளமாகக் கிடைத்தது. அந்த விலாங்கு பெரிதா, சிறிதா என்பதை மரபணு சொல்லாது. அந்தச் சிறு இடைவெளி போதும், சுற்றுலா வணிகத்துக்கு.

மாணவருக்கு நான் எழுதிய பதில் சுருக்கமானது: 'வெட்டாத படம் இருக்கிறதா? அருகில் படகோ பறவையோ தெரிகிறதா? எடுத்தவர் யார்?' மறுநாள் விடை வந்தது. அவருக்கும் யாரோ அனுப்பியதுதானாம். அதற்குள் தம் நண்பர்கள் நாற்பது பேருக்கு அனுப்பிவிட்டாராம்.