சம்பளம் கொடுத்த வேட்டைக்காரர்கள்

சென்ற வாரம் பார்த்த பேர் டேவிட் மானைக் காப்பாற்றியது ஓர் ஆங்கிலப் பிரபுவின் தோட்டத்து வேலி. இந்த வாரத்து மானுக்கு வேலி கிடையாது, சுற்றிலும் கடல்தான்.

அமெரிக்காவின் தென்கோடியில், ஃபுளோரிடா முனையிலிருந்து மேற்கே வளைந்து கிடக்கும் குட்டித் தீவுகளுக்கு ‘கீஸ்’ என்று பெயர். அவற்றில் பிக் பைன் கீ, நோ நேம் கீ ஆகிய இரண்டையும் அக்கம்பக்கத்துத் திட்டுகளையும் விட்டால், கீ மானை உலகில் வேறெங்கும் காட்டில் பார்க்க முடியாது. வட அமெரிக்கா நெடுக மேயும் வெள்ளை வால் மானின் கிளையினம்தான் இது. பனியுகம் முடிந்து கடல் ஏறியபோது தீவுகளில் மாட்டிக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக உடல் சிறுத்துப்போனது. வளர்ந்த ஆண் மானே நம்மூர் வெள்ளாட்டின் உயரம்தான் இருக்கும்.

சின்ன மான், சின்னத் தீவு. வேட்டைக்கு இதைவிட என்ன வசதி வேண்டும்? நாய்களை ஏவினார்கள், புதர்களுக்குத் தீ வைத்தார்கள். உயிர் தப்பக் கடலில் இறங்கி நீந்திய மான்களைப் படகில் காத்திருந்தவர்கள் கொன்றார்கள். 1934இல் ‘டிங்’ டார்லிங் என்ற புகழ்பெற்ற கேலிச்சித்திரக்காரர் இந்த அநியாயத்தைப் படமாக வரைந்து நாட்டுக்குக் காட்டினார். அதே ஆண்டில்தான் அவரையே மத்திய அரசின் உயிரியல் கணக்கெடுப்புத் துறைக்குத் தலைவராக்கினார்கள். 1939இல் ஃபுளோரிடா மாநிலம் கீ மான் வேட்டைக்குத் தடை விதித்தது.

தடை வந்த பிறகும் மான்கள் குறைந்துகொண்டேதான் போயின. 1950களின் தொடக்கத்தில் ஐம்பதுகூடத் தேறவில்லை. மாநிலத் தலைநகரான டல்லஹாசி, சாலை வழியே தொள்ளாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. அங்கே அச்சான உத்தரவை இந்தச் சதுப்புத் தீவுகளில் யார் மதிப்பார்கள்? இரவில் படகேறி வருபவனைத் தடுக்க, அங்கே ஓர் ஆள் இருக்க வேண்டாமா?

ஆளுக்குச் சம்பளம் கொடுக்க முன்வந்தது யார் என்பதுதான் வேடிக்கை. பூன் அண்ட் கிராக்கெட் கிளப், 1887இல் தியோடர் ரூஸ்வெல்ட் தொடங்கிய வேட்டைக்காரர்களின் சங்கம். வேட்டையாட நாளைக்கும் விலங்கு வேண்டும் என்ற கணக்கும் இதில் இல்லாமல் இல்லை. ஆனாலும் ஒருநாளும் சுடப்போகாத ஒரு மானுக்காகக் காசை எடுத்து வைத்தார்கள். அந்தப் பணத்தில் காவலுக்கு அமர்ந்தவர் ஜாக் வாட்சன். தனி ஆளாகத் தீவு தீவாகச் சுற்றினார். கள்ள வேட்டைக்காரர்களின் படகுகளை ஓட்டை போட்டு மூழ்கடித்தார், கார்களைக் கொளுத்தினார் என்றெல்லாம் அவரைப் பற்றிக் கதைகள் உலவுகின்றன. எவ்வளவு நிஜம், எவ்வளவு ஜோடனை என்பது வேறு விஷயம். அந்தக் கதைகளே பாதிக் காவலைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

1957இல் கீ மானுக்கென்றே தேசிய சரணாலயம் அமைந்தது. 1967இல் அழியும் தறுவாயில் உள்ள உயிரினங்களின் மத்திய அரசுப் பட்டியலில் அது ஏறியது. அத்தகைய உயிரினங்களைக் காக்க 1973இல் வந்த புகழ்பெற்ற சட்டம் அந்தப் பாதுகாப்பை இன்னும் இறுக்கியது. இன்று எண்ணூறிலிருந்து ஆயிரம் மான்கள் இருக்கலாம் என்பது மதிப்பீடு.

துப்பாக்கி போன இடத்துக்குக் கார் வந்தது. தீவுகளை இணைக்கும் கடல்வழி நெடுஞ்சாலை திறக்கப்பட்டது 1938இல், அதாவது வேட்டைத் தடைக்கு ஓராண்டு முன்பே. பிக் பைன் கீயின் நடுவே ஓடும் அந்தச் சாலையில் பகலில் மணிக்கு 45 மைல், இரவில் 35 மைல்தான் வேகவரம்பு. வேலி போட்டு, மான்கள் கடக்கச் சாலைக்கு அடியில் சுரங்கவழிகளும் கட்டியிருக்கிறார்கள். அப்படியும் இன்று கீ மான் சாவுகளில் பெரும்பங்கு வாகனங்களால்தான். சுற்றுலாப் பயணிகள் ஊட்டும் ரொட்டியும் உருளைக்கிழங்கு வறுவலும் அவற்றைச் சாலையோரத்துக்கே இழுத்து வருகின்றன. உணவூட்டுவது குற்றம் என்று பலகை நிற்கிறது. அதற்குப் பக்கத்திலேயே காரை நிறுத்தி ஊட்டுகிறார்கள்.

2016இல் அந்த ரொட்டியையே அரசு கையில் எடுக்க வேண்டி வந்தது. காயத்தில் முட்டையிட்டு, தன் புழுக்களுக்கு உயிரோடிருக்கும் சதையையே இரையாக்கும் திருகுப்புழு ஈ, பல்லாண்டுகளுக்குப் பிறகு ஃபுளோரிடாவில் தலைகாட்டியது. இனச்சேர்க்கைப் பருவம் அது. ஆண் மான்கள் கொம்பு மோதிக் காயப்பட்டிருந்தன. சுமார் 135 மான்கள் செத்தன. தன்னார்வலர்கள் மருந்து வைத்த ரொட்டியோடு தெருத்தெருவாகப் போய் மான்களுக்குக் கொடுத்தார்கள். மலடாக்கிய ஈக்களைக் கோடிக்கணக்கில் வளர்த்துப் பறக்கவிட்டதில், 2017 மார்ச்சில் தொற்று ஒழிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் இர்மா புயல் கடலை ஊருக்குள் கொண்டுவந்தது.

தாழ்ந்த தீவுகள் அவை. கடல் ஏற ஏற, மான்கள் குடிக்கும் நன்னீர்க் குட்டைகள் உப்பாகின்றன, பைன் மரங்கள் பட்டுப்போகின்றன. மான்களைப் பிடித்து வேறிடம் கொண்டுபோகலாமா என்ற பேச்சும் எழுந்திருக்கிறது. பெருநிலத்தில் விட்டால் அங்குள்ள வெள்ளை வால் மான்களோடு கலந்து, நாளடைவில் கீ மான் என்ற கிளையினமே இல்லாமல் போகலாம். அந்தப் பெரிய மான்களை ஃபுளோரிடாவில் பருவம் பார்த்து, உரிமம் வாங்கி, சட்டப்படியே இன்றும் சுடுகிறார்கள்.

(தொடரும்)