‘இதில் சர்க்கரை இல்லையே!’ – மதுவும் நீரிழிவும்

நீரிழிவுப் பிரிவுக்கு வருவோரிடம் மதுப் பழக்கம் குறித்து நாங்கள் கேட்கும்போது மூன்று விடைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. “எப்போதாவதுதான்” என்பது முதலாவது. “ஒரு குவார்ட்டருக்கு மேல் போவதில்லை” என்பது இரண்டாவது. “பிராந்தியில் சர்க்கரை இல்லையே, பிறகென்ன?” என்பது மூன்றாவது. உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் வயதினரே இவ்வாறு கூறுவோரில் மிகுதி என்பதால், இவ்விடைகளைச் சற்று ஆராய்வது நோயாளிகளுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் பயன்தரும் எனக் கருதுகிறோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் நீரிழிவுடனும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையிலும் வாழ்வதாக மதிப்பிட்டது. அந்த முந்தைய நிலையில் இருப்போருக்கு நோயைத் தள்ளிப்போடவும் தவிர்க்கவும் வாய்ப்பு இன்னும் உள்ளது. மது அந்த வாய்ப்பைக் குறைக்கிறது.

ஒரு குவார்ட்டரின் கணக்கு

வடித்தெடுக்கப்படும் மதுவகைகளில் சர்க்கரை பெரும்பாலும் இருப்பதில்லை என்பது உண்மையே. ஆனால், ஒரு கிராம் சர்க்கரை 4 கலோரி தரும்போது ஒரு கிராம் ஆல்கஹால் 7 கலோரி தருகிறது. 180 மில்லிலிட்டர் கொண்ட ஒரு குவார்ட்டரில் 42.8 விழுக்காடு ஆல்கஹால் இருப்பின், அதன் எடை ஏறத்தாழ 60 கிராம். கலோரி 420-க்கும் மேல். ஆறேழு இட்லிகளின் ஆற்றலுக்கு அது நிகர். புரதமோ நார்ச்சத்தோ அதில் இல்லை. உடன் உண்ணும் வறுவலும் மிக்சரும் இக்கணக்கில் சேரவில்லை.

உடல் ஆல்கஹாலைச் சேமித்து வைப்பதில்லை; அதையே முதலில் எரிக்கிறது. அவ்வேளையில் உணவிலிருந்து வரும் கொழுப்பு எரியாமல் வயிற்றிலும் கல்லீரலிலும் தங்குகிறது. கொழுப்பு படிந்த கல்லீரல் இன்சுலினுக்குச் சரிவர இணங்குவதில்லை. இரண்டாம் வகை நீரிழிவுக்கு இது ஒரு முதன்மையான வழி. நீண்ட காலம் மிகுதியாகக் குடிப்போருக்குக் கணையம் அழற்சியுற்று, இன்சுலின் சுரக்கும் திசுவே அழிந்துபோவதும் உண்டு. அதனால் வரும் நீரிழிவைக் கட்டுப்படுத்துவது கடினம்.

“அளவாகக் குடித்தால் சர்க்கரை நோய் வராது என்கிறார்களே?” என்று சிலர் கேட்பதுண்டு. 38 ஆய்வுகளை ஒருங்கிணைத்து 2015-இல் வெளியான ஒரு பகுப்பாய்வில், குறைந்த அளவு அருந்துவோரிடம் காணப்பட்ட நன்மை பெண்களிடமும் ஆசியரல்லாத மக்களிடமும் மட்டுமே தென்பட்டது. ஆண்களிடமும் ஆசிய மக்களிடமும் காணப்படவில்லை. உடல்நலத்திற்குப் பாதுகாப்பான மது அளவு என ஒன்று இல்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் தெளிவுபடுத்தியது.

இரவில் நேரும் ஆபத்து

ஏற்கெனவே சிகிச்சை பெறுவோருக்கு மது இன்னொரு விதத்தில் தீங்கு செய்கிறது. உணவில்லாத நேரங்களில் இரத்தச் சர்க்கரை குறையாமல் காப்பது கல்லீரலே. ஆல்கஹாலை வெளியேற்றும் பணியில் ஈடுபட்டிருக்கும் கல்லீரலால் புதிதாகச் சர்க்கரையைப் போதிய அளவு உருவாக்க முடிவதில்லை. கல்லீரல் மணிக்குச் சுமார் 10 கிராம் ஆல்கஹாலையே கையாளும். இரவு 9 மணிக்குக் குடித்த ஒரு குவார்ட்டரின் விளைவு விடியற்காலை வரை நீடிக்கும். சில வேளைகளில் மறுநாளும் தொடரும்.

வேலை முடிந்த களைப்பில் குடித்துவிட்டு, இரவு உணவைத் தவிர்த்து, வழக்கமான மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு உறங்குவோர் உள்ளனர். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவராயின், அவருடைய சர்க்கரை 70-க்குக் கீழ் இறங்கக்கூடும். வியர்வை, நடுக்கம், குழறிய பேச்சு, தள்ளாட்டம், குழப்பம் ஆகியவையே அதன் அறிகுறிகள். போதையின் அறிகுறிகளும் ஏறத்தாழ இவையே. வாயில் மதுவின் நெடியும் வீசுவதால், “போதை தெளியட்டும்” என்று குடும்பத்தார் விட்டுவிட நேரிடுகிறது. உயிரிழப்புக்கு இட்டுச் செல்லக்கூடிய தவறு இது.

மெட்ஃபார்மின் எடுப்போர் மிகுதியாகக் குடித்தால், அரிதாக, இரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஆபத்தான அளவுக்குப் பெருகலாம்.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

• குடித்தவர் நீரிழிவு நோயாளியானால், அவருடைய நிலையைப் போதை என்று முடிவு செய்யுமுன் குளுக்கோமீட்டரில் சர்க்கரையைப் பாருங்கள்.

• சர்க்கரை 70-க்குக் குறைந்து, அவர் விழுங்கும் நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். சரியானதும் இட்லி, சோறு போன்ற உணவைக் கொடுங்கள். அன்றிரவு தனியே விடாதீர்கள்.

• கருவி கையில் இல்லையென்றாலும், அறிகுறிகள் இருந்து அவரால் விழுங்க முடிந்தால் சர்க்கரை நீர் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

• எழுப்பியும் எழாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 108-ஐ அழையுங்கள்.

பரிசோதனையும் விடுபடுதலும்

தொடர்ந்து மது அருந்துவோர் 30 வயதைக் கடந்திருந்தால், அறிகுறிக்காகக் காத்திராமல் ஆண்டுக்கொரு முறையேனும் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்வது நன்று. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை இருந்தால் அது முந்தைய நிலை. 126-ம் அதற்கு மேலும் இருமுறை பதிவானால் நீரிழிவு. கல்லீரல் பரிசோதனையையும் டிரைகிளிசரைடு அளவையும் உடன் பார்த்துக்கொள்ளுமாறு அறிவுறுத்துகிறோம். பாதங்களில் எரிச்சலோ மரத்துப்போதலோ இருந்தால் தவறாமல் கூறுங்கள். மதுவும் நீரிழிவும் தனித்தனியே நரம்புகளைக் கெடுப்பவை, இரண்டும் சேர்ந்தால் பாதிப்பு பெரிது.

குடியை நிறுத்துவதே நாங்கள் தரும் முதன்மையான அறிவுரை. ஆயினும், நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரும், காலையில் கைநடுக்கம் தீரக் குடிப்பவரும் தாமாகவே திடீரென்று நிறுத்துதல் கூடாது. இரண்டு மூன்று நாள்களுக்குள் வலிப்பும் மனக்குழப்பமும் நேரலாம். மருத்துவர் கண்காணிப்பில் உரிய மருந்துகளோடும் தயமின் என்னும் வைட்டமினோடும் நிறுத்துவதே பாதுகாப்பு. மது, போதை மீட்புக்கான தேசியக் கட்டணமில்லா உதவி எண் 14446.

எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று நாங்கள் கேட்பது கடிந்துகொள்வதற்காக அன்று. உங்களுக்கு எழுதும் மாத்திரை எது, அதன் அளவு எவ்வளவு, அதனால் இரவில் ஆபத்து நேருமா என்பவை அந்த விடையைச் சார்ந்தே அமைகின்றன. நோயாளி கூறத் தயங்கினால் மனைவியோ மகனோ மகளோ உடனிருந்து எடுத்துரைக்கலாம். அடுத்த முறை வரும்போது, “எப்போதாவது” என்னாமல் வாரத்தில் எத்தனை நாள், நாளுக்கு எத்தனை மில்லிலிட்டர் என்று குறித்து வாருங்கள். அந்தக் கணக்கைக் கொண்டே உங்களுக்குப் பொருந்தும் சிகிச்சையை எங்களால் தீர்மானிக்க இயலும்.