பூம்பாவைக்குச் சொன்ன விழாக்கள்

பங்குனி மாதம் அறுபத்து மூவர் உற்சவத்தன்று மயிலாப்பூர் மாட வீதிகளில் யாரும் பசியோடு போக முடியாது. கடைவாசலிலும் வீட்டு வாசலிலும் பந்தல் போட்டு நீர்மோர், பானகம் ஊற்றுகிறார்கள். தொன்னையில் சுடச்சுடப் புளியோதரையும் சாம்பார் சாதமும் வருகின்றன. ஒதுங்கி நடந்தாலும் விடமாட்டார்கள்: "ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்கம்மா!"

விழாவில் சோறு போடுவது மயிலைக்குப் புதிதல்ல. 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இங்கே பாடிய பூம்பாவைப் பதிகத்தில் அதற்குச் சான்று இருக்கிறது.

சிவநேசர் என்ற வணிகரின் மகள் பூம்பாவை, பூப்பறிக்கப் போன இடத்தில் பாம்பு தீண்டி இறந்தாள். தகப்பனார் அவள் சாம்பலைக் குடத்தில் காத்து வைத்திருந்தார். அந்தக் குடத்தின் முன் நின்று சம்பந்தர் பாடினார். ஊரின் விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதையெல்லாம் பார்க்காமலா போகிறாய் என்று அந்தப் பெண்ணைக் கேட்டார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று போகிறது வரிசை. தைப்பூசத்துக்கு நெய் விட்ட சோறு. இத்தனைக்கும் முன்னால், முதல் பாட்டிலேயே அவர் சொல்வது அடியார்களுக்கு அமுது படைப்பதைத்தான். இறந்தவளைத் திரும்ப அழைக்க, சாப்பாட்டைவிட நல்ல தொடக்கம் எது?

சம்பந்தர் பாடிய கபாலீஸ்வரர் கோயில் கடற்கரையில் இருந்தது என்றும், போர்த்துகீசியர் காலத்தில் அது அழிந்தது என்றும் வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். கோயில் இடம் மாறியது. விழாவை ஊர் கைவிடவில்லை.

பங்குனிப் பெருவிழா பத்து நாள். மூன்றாம் நாள் காலை அதிகார நந்தி, ஐந்தாம் நாள் இரவு ரிஷப வாகனம், ஏழாம் நாள் தேர். எட்டாம் நாள் காலையில் பூம்பாவை உயிர்பெற்ற கதை நிகழ்த்தப்படுகிறது. மதியம் அறுபத்து மூவர் உற்சவம்: சிவனடியார்களான நாயன்மார்கள் அறுபத்து மூவரும் சப்பரங்களில் கிளம்புகிறார்கள். மயிலாப்பூரிலேயே பிறந்த வாயிலார் நாயனாரும் அவர்களில் ஒருவர். நாயன்மார்களின் முகம் போகும் திசையைப் பார்க்காமல், பின்னால் வரும் கபாலீஸ்வரரையே பார்த்தபடி இருக்கும். கூட்டத்தில் நிற்பவர்கள் இதைக் கவனித்துப் பார்க்க வேண்டும். ஊரின் மற்ற கோயில்களிலிருந்து கோலவிழி அம்மனும் முண்டகக்கண்ணி அம்மனும் ஊர்வலத்தில் சேர்ந்துகொள்கிறார்கள். கோயில்களுக்கிடையே வேலி கிடையாது.

ஒன்பதாம் நாள் பிட்சாடனர். சோறு போட்டுக் களைத்த வீதிகளுக்குச் சாமியே பிச்சைக்கு வருகிறார்.