எருவின் பக்குவம்

உழவைப் பற்றிய அதிகாரத்தில் வள்ளுவர், உழுதலினும் எரு இடுதலுக்கே மேலிடம் தந்துள்ளார். எரு என்பது யாது? விலங்கின் கழிவெல்லாம் எருவாகுமா? ஆகாது. கழிவு வேறு, எரு வேறு. காலமும் கைப்பக்குவமும் கூடினால்தான் முன்னது பின்னதாகும்.

சேலம், நாமக்கல் சமவெளியில் முன்னாளில் இவ்வேறுபாட்டை எவருக்கும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. கட்டுத்தரையில் வாரிய சாணமும், மாடு தின்று கழித்த சோளத்தட்டும் குப்பைக்குழியில் மாதக்கணக்கில் கிடந்து மட்கும். பின்னரே வண்டியேறித் தோட்டத்தை அடையும். அறுவடையான காட்டில் மேச்சேரி ஆடுகளைக் கிடை கட்டுவதும் உண்டு. பயிரில்லாத நிலமாதலின், புழுக்கையும் சிறுநீரும் மண்ணிலேயே பக்குவமடைந்தன.

இன்று உழவு மாடுகள் அருகிவிட்டன. நாமக்கல் வட்டாரத்து முட்டைக்கோழிப் பண்ணைகளிலோ, கூண்டுகளின் அடியில் எச்சம் குவிந்து கிடக்கிறது. ஆகவே பள்ளித் தோட்டத்திற்கும் வீட்டுத் தோட்டத்திற்கும் எளிதிற் கிடைப்பது இதுவே. ஆயினும், மாட்டெருவை இட்ட பழக்கத்தில் இதனையும் பச்சையாக அள்ளி இட்டால் நாற்றுக் கருகிவிடும். காரணம் என்ன?

பறவைகள் சிறுநீரைத் தனியே கழிப்பதில்லை. தழைச்சத்தாகிய நைட்ரஜனில் உடலுக்கு மிஞ்சியதை யூரிக் அமிலமாக எச்சத்தோடு வெளியேற்றுகின்றன. எச்சத்தில் வெண்மையாகத் தோன்றுவது அதுவே. நுண்ணுயிர்கள் அதனை விரைவில் அம்மோனியாவாக மாற்றுகின்றன. அந்த அம்மோனியா இளவேரைச் சுடும். குவியலிலிருந்து நெடி மூக்கைத் துளைக்குமாயின், பயிருக்குரிய சத்துக் காற்றோடு போகிறது என்றும் அறிக.

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். காய்கறிப் பயிருக்கு மட்கிய மாட்டெரு ஹெக்டேருக்கு 25 டன் இடுவது வழக்கம். சென்ட்டுக்கு ஏறத்தாழ 100 கிலோ ஆகும். அதில் நைட்ரஜன் நூற்றுக்கு 0.5 பங்கு, அதாவது 500 கிராம். கோழி எருவிலோ ஏறக்குறைய 3 பங்கு உண்டு. எனவே அதே 500 கிராமைத் தர 17 கிலோ போதும். 100 கிலோ இடுபவர் ஆறு மடங்கு இட்டவராவார்.

பக்குவப்படுத்தும் முறை கடினமன்று. இந்தூரில் 1924 முதல் 1931 வரை ஆராய்ச்சி செய்த ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கிலேயர், கால்நடைக் கழிவையும் செடிகொடிக் கழிவையும் அடுக்கி மட்கவைக்கும் முறையை வகுத்தார். அது 'இந்தூர் முறை' என உலகெங்கும் பெயர் பெற்றது. நாமும் கோழி எரு ஒரு கூடைக்கு, உலர்ந்த சருகு, நிலக்கடலைத் தொலி, தென்னைநார்க் கழிவு போன்றவற்றில் இரண்டு மூன்று கூடை சேர்த்து, நிழலில் அடுக்குதல் வேண்டும். பிழிந்த துணியளவு ஈரம் போதும். சில நாளில் குவியலின் உட்புறம் 55 பாகை செல்சியசுக்கு மேலும் சூடேறும். அவ்வப்போது புரட்டினால் எல்லாப் பகுதியும் அச்சூட்டைப் பெறும். நோய்க்கிருமிகளும் களைவிதைகளும் பெரும்பாலும் மடியும்.

பச்சைக் கழிவின் தீங்கு பயிரோடு முடிவதன்று. அதிலுள்ள கிருமிகள் கீரை, முள்ளங்கி வழியே உண்பாரையும் அடையக்கூடும். அமெரிக்க நாட்டின் இயற்கை வேளாண்மை விதி, மண்ணைத் தொட்டு விளையும் காய்கறிக்குப் பச்சை எருவை அறுவடைக்கு 120 நாள் முன்னரே இட்டுவிட வேண்டும் என்கிறது. முப்பது நாளில் பறிக்கும் கீரைக்கு அது பொருந்துமா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

சூடு தணிந்து, நெடி நீங்கி, மழை நனைத்த மண்ணின் மணம் வந்தால் எரு பக்குவமடைந்தது எனலாம். ஐயமிருப்பின் இரண்டு தொட்டிகள் எடுங்கள். ஒன்றில் வெறும் மண். மற்றொன்றில் மூன்று பங்கு மண்ணும் ஒரு பங்கு எருவும். இரண்டிலும் பத்து முள்ளங்கி விதைகளை ஊன்றுங்கள். ஒரு வாரத்தில் இரண்டும் ஒத்து முளைத்தால் எருவைப் பாத்திக்குக் கொண்டுசெல்லலாம். எருவிட்ட தொட்டியில் முளை குன்றினால், குவியலை மீண்டும் புரட்டிவிட்டுக் காத்திருங்கள்.