பள்ளியின் எண்ணிக்கை சொல்லும் ஊர்க் கதை

ஒரு தமிழ்ப்பள்ளியில் மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டால், "பெற்றோருக்கு மொழிப்பற்று இல்லை" என்றோ, "பள்ளி சரியில்லை" என்றோ சிலர் உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். பள்ளியைச் சுற்றி யார் குடியிருக்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்று கவனித்தால் வேறொரு விடையும் கிடைக்கும்.

நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை தோட்டப்புறத்தில் பிறந்தவை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம். வேலை இருந்த இடத்தில் குடும்பங்கள் இருந்தன. அங்கேயே பள்ளியும் எழுந்தது.

பிறகு வேலை இடம் மாறியது. ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்டார்கள். ரப்பருக்குத் தேவைப்பட்ட அளவு ஆட்கள் செம்பனைக்குத் தேவைப்படவில்லை. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. தோட்ட மக்கள் நகரங்களுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் பெயர்ந்தார்கள். 1970-இல் நாட்டு மக்களில் 28.4 விழுக்காட்டினரே நகரவாசிகள். 2020-இல் அது 75.1 விழுக்காடு. 1957-இல் 880-க்கும் மேலிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 520 சொச்சமாகக் குறைந்துள்ளன.

குடும்பங்கள் பெயர்ந்தாலும் பள்ளிக் கட்டடம் தானாக நகர்ந்துவிடாது. அதனால்தான் தோட்டத்தில் ஒரு பள்ளி 150-க்கும் குறைவான மாணவர்களோடு 'குறைந்த மாணவர் பள்ளி' என்ற பட்டியலில் நிற்க, நகரத்துப் பள்ளியில் வகுப்பறை போதவில்லை. சிறிய பள்ளியின் உரிமத்தை மக்கள் குடியேறிய இடத்துக்கு மாற்றக் கோருவதும் இதனால்தான். புதிய இடத்தைத் தேர்ந்தெடுக்க, அங்கே எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள், பெற்றோரால் பேருந்துக் கட்டணம் செலுத்த முடியுமா என்ற கணக்கு வேண்டும்.

இந்தக் கணக்கைப் போடும்போது சராசரியை மட்டும் நம்பக்கூடாது. 2022-இல் மலேசியக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 8,479 ரிங்கிட். ஆனால், எல்லாக் குடும்பங்களையும் வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம் 6,338 ரிங்கிட்தான். மேலே உள்ள சிலரின் பெரிய வருமானம் சராசரியை உயர்த்திவிடுகிறது. மாநில எண்ணும் அப்படியே; பெட்டாலிங் நகரவாசியும் சபாக் பெர்ணம் விவசாயியும் சிலாங்கூர் என்ற ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகிறார்கள். மாவட்ட வாரியாகப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

மாணவர்களே, புள்ளிவிவரத் துறையின் 'கவாசான்கூ' தளத்தில் உங்கள் மாவட்டத்தின் மக்கள்தொகை, வருமானம், வறுமை விகிதம் ஆகியவற்றை இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் தொடக்கப்பள்ளியின் மாணவர் எண்ணிக்கையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், "பிள்ளைகள் ஏன் வரவில்லை?" என்று யாராவது கேட்டால், அந்தக் குடும்பங்கள் இப்போது எங்கே வாழ்கின்றன என்று காட்ட உங்கள் கையில் ஆதாரம் இருக்கும்.