அருவி ஒன்று, கரை இரண்டு!

எங்கள் எரியோடு பக்கமெல்லாம் வானம் பார்த்த பூமி. குடகனாற்றில் நாலு நாள் தண்ணீர் ஓடினால் ஊரே வேடிக்கை பார்க்கப் போகும். அப்படிப்பட்ட ஊரில் வளரும் என் இரண்டு பிள்ளைகளும், "அம்மா, அருவியில குளிக்கணும்" என்று இரண்டு வருஷமாக நச்சரித்து வந்தார்கள். சென்ற ஆண்டு ஆடி பிறந்த சமயம், ஒகேனக்கல் போகலாம் என்று என்னவர் ஒருவழியாகச் சம்மதித்தார். அப்போதுதான் வீட்டில் ஒரு பிரச்னை முளைத்தது.

என் நாத்தனாரைக் கொடுத்திருப்பது கர்நாடகாவில் உள்ள கொள்ளேகாலில். விஷயம் தெரிந்ததும் அவளிடமிருந்து போன். "மதினி, எங்க பக்கமா வாங்க. மாதேஸ்வரன் மலையில சாமி கும்பிட்டுட்டு, கோபிநத்தம் வழியா வண்டியிலயே கூட்டிட்டுப் போறோம். இந்தக் கரையில கூட்டமே இருக்காது" என்றாள்.

ஒகேனக்கல்லில் காவிரிதான் இரண்டு மாநிலத்துக்கும் எல்லை. இந்தக் கரை நம் தருமபுரி மாவட்டம். எதிர்க்கரை கர்நாடகாவின் சாம்ராஜ்நகர் மாவட்டம். பெயர்கூட கன்னடம்தான். 'ஹொகே' என்றால் புகையாம். பாறையில் தண்ணீர் விழுந்து புகை போல எழும்புவதால் 'புகையும் கல்' என்று அர்த்தம்.

கோபிநத்தம் என்றதுமே என் மாமியார், "ஐயையோ, அது வீரப்பன் ஊராச்சே!" என்று பயந்துவிட்டார். 2000-ம் வருஷம் நடிகர் ராஜ்குமாரைக் கடத்தி நூறு நாளுக்கு மேல் காட்டில் வைத்திருந்தபோது ரேடியோவில் கேட்ட பயம் இன்னும் போகவில்லை. "அத்தை, வீரப்பன் செத்தது 2004-ல. இருபது வருஷம் ஆச்சு" என்று சிரித்தேன்.

ஆனால் என் கவலை வேறு. கூட்டம் இல்லாத இடம் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஈரச் சேலையோடு நிற்கும் பெண்ணுக்கு உடை மாற்ற ஒரு மறைவு வேண்டுமே! மாமியாருக்கு முழங்கால் வலி. சின்னவனுக்கு ஏழு வயசு. பசி தாங்க மாட்டான். நம் கரையில் பஸ் ஸ்டாண்ட், கழிப்பிடம், உடை மாற்றும் அறை, சாப்பாட்டுக் கடை எல்லாம் உண்டு. எதிர்க்கரையோ காட்டு வழி. வனத்துறை சோதனைச் சாவடி தாண்டிப் போக வேண்டும். சொந்த வண்டி இருக்கிற இளவட்டங்களுக்குச் சரி. எங்களுக்கு? இதையெல்லாம் யோசித்து, "நம்ம பக்கமே போவோம்" என்றேன். நாத்தனாருக்குக் கோபம். "மதினிக்கு எங்க ஊரு ஆகாது" என்று போனை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை ராத்திரி கிளம்பி, கரூர், சேலம், தருமபுரி, பென்னாகரம் என்று பஸ் மாறி மாறி ஞாயிறு காலை போய்ச் சேர்ந்தோம். இறங்கியதும் காதில் விழுந்த முதல் வார்த்தை, "தண்ணி ஏறிடுச்சு. குளிக்கவும் பரிசல்ல போகவும் தடை!"

எங்கள் ஊரிலும் மழை இல்லை, தருமபுரியிலும் மழை இல்லை. வெள்ளம் எப்படி? கடைக்கார அம்மா விளக்கினார். கேரளாவிலும் குடகிலும் மழை பெய்தால் கபினி அணையும் கிருஷ்ணராஜ சாகர் அணையும் நிரம்பும். அங்கே திறந்துவிடும் உபரி நீர் பிலிகுண்டுலு வழியாக இங்கே வந்து, அப்புறம்தான் மேட்டூருக்குப் போகும். அதனால் இங்கே வெயில் அடிக்கும்போதே ஆறு பொங்குமாம்.

பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஓர் ஆள் என்னவரிடம் வந்து, "தடை இந்தப் பக்கம்தான் சார். மேல ஒரு இடம் இருக்கு. அங்கயிருந்து பரிசல்ல அந்தக் கரைக்குக் கொண்டு போறேன். அங்க கேட்க ஆளில்ல. தலைக்கு இவ்வளவு கொடுங்க" என்று ரகசியமாகச் சொன்னார். இவ்வளவு தூரம் வந்த ஆதங்கத்தில் என்னவரும் பணத்தை எண்ண ஆரம்பித்துவிட்டார்! எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் நாலு பேர் நடுவில் புருஷனை எதிர்த்துப் பேச நாக்கு எழவில்லை.

பேசியது என் மாமியார். படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஏப்பா, 1977-ல நம்ம குடகனாறு அணை உடைஞ்சப்ப எனக்குப் பதினஞ்சு வயசு. அன்னிக்கு வந்த தண்ணி இந்தக் கரை, அந்தக் கரைன்னு பார்க்கலை. மாடு, கன்னு, மனுசன்னு எல்லாத்தையும் வாரிட்டுப் போச்சு. கோடு போட்டது மனுசன். தண்ணிக்குக் கோடு தெரியுமா? நான் வரலை. என் பேரப்பிள்ளைகளையும் விட மாட்டேன்" என்றார். என்னவர் பணத்தைப் பைக்குள் வைத்துவிட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அன்று அருவியைத் தூர நின்றுதான் பார்த்தோம். செக்கச் செவேலென்று ஆறு போன வேகத்தைப் பார்த்ததும் பிள்ளைகளே வாயடைத்துப் போனார்கள். பிறகு முதலைப் பண்ணை பார்த்தோம். மீன் வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தரும் பெண்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் கைப்பக்குவத்தில் குழம்பும் வறுவலும் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பினோம்.

வீட்டுக்கு வந்ததும் நானே நாத்தனாருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். பாதியிலேயே அழுதுவிட்டாள். "உங்க பேச்சைக் கேட்டு இந்தப் பக்கம் வந்திருந்தாலும் அதே தண்ணிதானே மதினி" என்றாள். கோபமெல்லாம் அந்த ஆற்றோடு போயிற்று.

தை மாதம், பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு, அவள் மாதேஸ்வரன் மலை, மேட்டூர் வழியாகக் குடும்பத்தோடு நம் கரைக்கே வந்தாள். ஆற்றில் தண்ணீர் குறைந்திருந்தது. ஆசை தீரக் குளித்தோம். உயிர் காக்கும் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு பரிசலிலும் போனோம். நடு ஆற்றில் சின்னவன், "அம்மா, எது தமிழ்நாடு, எது கர்நாடகா?" என்று கேட்டான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் பாறை நின்றது.

சகோதரிகளே, நான் பட்டு அறிந்தது இதுதான். எந்தக் கரை அழகு என்று பார்க்காதீர்கள். உங்களோடு வருகிறவர்களுக்கு எது வசதி என்று பாருங்கள். வயசானவர்களும் குழந்தைகளும் இருந்தால் நம் கரை. சொந்த வண்டியும் கன்னடம் தெரிந்த துணையும் இருந்தால், காட்டின் அமைதிக்கு எதிர்க்கரை. எந்தக் கரையானாலும் கிளம்பும் அன்று நீர்வரத்தை விசாரித்துவிடுங்கள். செய்தித்தாளிலேயே தினமும் வருகிறது. ஒரு கரையில் தடை என்றால் மறு கரைக்குக் குறுக்கு வழி தேடாதீர்கள். பரிசல் கவிழ்ந்து போன உயிர்கள் அந்த ஆற்றில் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று நான் வாய் திறக்கத் தயங்கினேன். மாமியார் பேசியிராவிட்டால்? நினைத்தால் இன்றும் நடுக்கமாக இருக்கிறது. பிள்ளைகள் உயிர் விஷயத்தில் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று பார்க்கவே கூடாது!

- ஓர் இல்லத்தரசி, எரியோடு.